யாருடைய விரல்? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் ஓடிச் செய்தி எடுக்கிற உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். நீதிமன்ற வளவுக்குள் வந்து, “முதலியார், இண்டைக்கு என்ன வழக்கு?” என்று கேட்டவர்கள் நீங்கள். இருபத்தெட்டு வருடம் இந்தக் கரையோர நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளனாக, உங்கள் வாயில் “முதலியாராக”, இருந்தேன். சாட்சிக் கூண்டில் நிற்கிற பொலிஸ்காரர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும், எதிரிக் கூண்டில் நிற்கிற மனிசனுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவைப்பதும்தான் என் பிழைப்பு. ஓய்வு பெற்றும் அந்தக் குணம் போகவில்லை. செய்தி வாசித்தால் கண் முதலில் வினைச்சொல்லுக்குத்தான் ஓடும், செய்தது யார் என்று தேடும். “உங்களுக்கு இன்னும் கோட்டு முடியல்ல” என்று மனிசி ஏசுவாள்.

இந்த மடலை எழுதவைத்தது ஒரே ஒரு வசனம். நீங்கள் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பெயரும் ஊரும் மாறும், வசனம் மாறாது:

“ஆயுதம் மறைத்துவைக்கப்பட்டிருந்த இடத்தைக் காட்டுவதற்காகச் சந்தேகநபர் அழைத்துச் செல்லப்பட்டபோது, பொலிஸாரைத் தாக்க முற்பட்ட வேளையில், மேற்கொள்ளப்பட்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் அவர் உயிரிழந்துள்ளார்.”

இதை மெதுவாக இன்னொரு தரம் வாசியுங்கள். ஆயுதம் “மறைத்துவைக்கப்பட்டிருந்தது”. ஆள் “அழைத்துச் செல்லப்பட்டார்”. துப்பாக்கிப் பிரயோகம் “மேற்கொள்ளப்பட்டது”. இந்த வசனத்தில் வேலை செய்கிறவர் ஒரே ஒருவர், செத்தவர். அவர்தான் முற்பட்டார், அவர்தான் உயிரிழந்தார். மற்றதெல்லாம் மழை பெய்ததுபோலத் தானாக நடந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கிழவிகள் இப்படிப் பேசமாட்டார்கள். சுட்டதைச் சொல்ல, “வெடி வச்சிட்டானுகள்” என்பார்கள். யார் வைத்தது, யாருக்கு வைத்தது, எத்தனை வெடி கேட்டது, எந்தப் பக்கத்தில் கேட்டது என்று வேலியடியில் நின்றே சொல்லிவிடுவார்கள். முப்பது வருடத்துச் சண்டை படிப்பித்த இலக்கணம் அது. செய்திக்கு வந்ததும் அந்த இலக்கணம் எங்கே போகிறது?

ஒரு வழக்குச் சொல்கிறேன். எந்த நீதிமன்றம், எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பொடியன் இன்னும் ஊரில் கடை வைத்திருக்கிறான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிவந்த உழவு இயந்திரம். விடிய நாலு மணி. பொலிஸார் மறித்தார்கள், நிற்கவில்லை. ஒரு வெடி. பெட்டியில் மணலுக்கு மேலே சாக்கைப் போட்டுப் படுத்திருந்தவனின் தொடையில் பட்டது. உயிர் தப்பிவிட்டான். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறிய கான்ஸ்டபிளுக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். சேட்டுக் கழுத்து அவருக்கு இரண்டு விரல் பெரிது. என்ன நடந்தது என்று கேட்டதற்கு, “துவக்குவ பத்து வுணா” என்றார். துவக்கு இரண்டு பாஷைக்கும் பொதுச்சொல், அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மற்றப் பாதியில்தான் சிக்கல். பத்து வுணா என்றால் பற்றிக்கொண்டது. அடுப்புப் பற்றுவது மாதிரி, ஓலை பற்றுவது மாதிரி. “துவக்கு வெடித்துவிட்டது” என்று நான் மொழிபெயர்த்தேன். பொடியனுக்காக வந்த சட்டத்தரணி எழும்பி, “முதலியார், துவக்கு வெடித்ததா, இவர் வெடி வைத்தாரா?” என்று கேட்டார். சாட்சி சொன்னதைத்தான் சொன்னேன், அதில் ஒரு சொல் கூட்டவும் எனக்கு அதிகாரமில்லை என்றேன்.

நீதவானுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கையால் என்னை நிறுத்திவிட்டுத் தானே கேட்டார்: “காகே எங்கில்லத?” யாருடைய விரல்?

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பொடியன் ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு முன்வாங்கில் இருந்தான். கான்ஸ்டபிள் அவனைப் பார்க்காமல், “மகே” என்றார். என்னுடையது. நான் மொழிபெயர்க்க முதலே மண்டபத்துக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பேசியது வேறு மாதிரி இருந்தது. டயருக்குத்தான் குறிவைத்தேன் என்றார். இருட்டு என்றார். என் மேல் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தேன் என்றார். பின்பக்கம் இருந்த ஒருவனுக்கு எப்படிப் பட்டது என்று கேட்டபோது, தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் விசையை இழுத்ததாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவரிலும் இரக்கம் வந்தது. “துவக்கு வெடித்தது” என்று சொல்லும்வரை அந்தப் பிள்ளை தன் கதையிலேயே இருக்கவில்லை. “என்னுடையது” என்ற பிறகுதான் பயமும், பிழையும், இருட்டும் உள்ள ஒரு மனிசனாக நின்றார்.

இந்த மடலை வாசித்துவிட்டு, முதலியார் பொலிஸுக்கு எதிராகக் கொடி பிடிக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். யார் சுட்டது என்று எழுதுவது சுட்டவருக்கும் நல்லது. அவர் சுட்டதில் நியாயம் இருந்தால், அந்த நியாயத்தைச் சொல்ல ஆள் இருக்கவேண்டும்.

இனி அந்தக் கால் விசயம். தேத்தண்ணிக் கடையில் இதைத்தான் அதிகம் கேட்கிறேன். “காலுக்கு வெடி வச்சிருக்கலாமே, ஏன் நெஞ்சில வச்சான்?” நம்மில் பலர் மனதில் பொலிஸ் சட்டம் என்றால் அது முழங்காலுக்குக் கீழே சுடுவது. நீங்களும், “முழங்காலுக்குக் கீழ் சுடாமல்” என்று அதையே குற்றச்சாட்டாக எழுதிவிடுகிறீர்கள். நம்முடைய பொலிஸார் கையில் பெரும்பாலும் இருப்பது ரி-56. சீனா யுத்தத்துக்கென்று செய்த துவக்கு, ஒரு கூட்டில் 30 ரவை. ரவை செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேல் போகும். ஓடுகிற மனிசனின் கால் எவ்வளவு அகலம், அது எவ்வளவு வேகமாக இடம் மாறும் என்று யோசியுங்கள். தப்பினால் பின்னால் நிற்கிறவரில் படும், தாரில் பட்டுத் தெறித்தும் படும். சரியாகக் காலிலேயே பட்டாலும், தொடை நாடி அறுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ரத்தம் முடிந்துவிடும். அந்த மணல்வண்டிப் பொடியன் தப்பியது அதிர்ஷ்டம். வானத்துக்கு வைத்த வெடியும் வானத்தில் தங்குவதில்லை, எங்கேயோ ஒரு கூரையில் இறங்கத்தான் வேண்டும்.

துவக்கை ஒரு மனிசனுக்கு நேரே பிடித்தால் எந்த இடத்துக்குக் குறிவைத்தாலும் அது உயிர் போகிற வேலைதான். அதனால் எங்கே சுட்டார் என்பது இரண்டாம் கேள்வி. முதலில் கேட்கவேண்டியது, சுடுகிற அளவுக்கு அந்த நேரத்தில் யாருடைய உயிருக்கு என்ன ஆபத்து இருந்தது? ஆபத்து இல்லாத இடத்தில் கணுக்காலில் சுட்டாலும் அது குற்றம். கத்தியோடு ஒருவன் பிள்ளையின் கழுத்தில் நிற்கிறான் என்றால், நெஞ்சில் ஏன் சுட்டாய் என்று கேட்கிறவர் அந்த இடத்தில் நிற்காதவர். 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு பொலிஸார் துவக்குப் பாவிப்பது பற்றி நெறிமுறைகள் எழுதியபோது, உயிரைக் காக்க வேறு வழியே இல்லாத நேரத்தில் மட்டும்தான் உயிர்போகச் சுடலாம் என்றது. சுடுமுன் தான் யார் என்று சொல்லவேண்டும், எச்சரிக்கவேண்டும், கேட்டு நடக்க நேரம் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. நேரம் கொடுத்தால் உயிர் போய்விடும் என்றால் மட்டும் விலக்கு.

நம் நாட்டுச் சட்டத்தில் பொலிஸுக்கென்று தனியாக “சுடும் அனுமதிப்பத்திரம்” கிடையாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள தற்காப்பு உரிமை உங்களுக்கும் எனக்கும் பொலிஸ்காரருக்கும் ஒன்றுதான். தேவைக்கு மேல் ஒரு அடி கூடினாலும் உரிமை முடிந்துவிடும். கைது செய்வதற்குப் பலம் பாவிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவுதான், மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமையை இது தராது என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியில் ஒரு பொறி உண்டு. இந்த நாட்டில் 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கில் போடவில்லை. ஆனால் கொலைக்கும் பெருமளவு போதைப்பொருளுக்கும் மரண தண்டனை புத்தகத்தில் இருக்கிறது. அதை வைத்து, “கொலைச் சந்தேகநபர்தானே” என்று யாராவது நியாயம் சொன்னால், அரசியலமைப்பின் 13(4) உறுப்புரையைக் காட்டுங்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாருக்கும் மரண தண்டனை கொடுக்க முடியாது. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் “உயிர் வாழும் உரிமை” என்று ஒரு வரி வெளிப்படையாக இல்லை. பொலிஸ் காவலில் செத்த ஒருவரின் மனைவி கொண்டுபோன வழக்கில், 2003இல், உயர் நீதிமன்றம் அந்த உரிமையை இந்த 13(4)க்குள் இருந்துதான் எடுத்துக் காட்டியது. தேடி வாசியுங்கள்.

ஏன் எப்போதும் “ஆயுதம் காட்டப் போனபோது” என்று வருகிறது தெரியுமா? அதற்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரணக் குற்ற வழக்குகளில் சான்றாக ஏறாது. ஆனால் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, சந்தேகநபர் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்குக் கூட்டிப்போன அளவு பேச்சு மட்டும் ஏறும். அதனால் வழக்கைக் கட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும். போவது முறையான வேலை. போனவர்களில் சிலர் திரும்பிவராததுதான் கேள்வி. 2020 ஒக்டோபரில் கொழும்பு மாளிகாவத்தையில் போதைப்பொருள் வழக்குச் சந்தேகநபர் மாகந்துரே மதூஷ். 2021 மே மாதம் ஒரு கிழமைக்குள் இரண்டு பேர். அதில் இரண்டாவது ஆள் கொல்லப்படலாம் என்று சட்டத்தரணிகள் சங்கம் முன்கூட்டியே பொலிஸுக்குச் சொல்லியிருந்தது. 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையில் ஒரே இடத்தில் இரண்டு பேர். இவர்கள் நல்லவர்கள் என்று நான் வாதாடவரவில்லை. கைவிலங்கு போட்டிருந்ததா, முன்னாலா பின்னாலா? எத்தனை பொலிஸார் கூடப் போனார்கள்? நடுச்சாமத்தில் போகவேண்டிய அவசரம் என்ன? ஒளித்துவைத்த ஆயுதத்தை முதலில் தொட்டது யார்? காயப்பட்ட பொலிஸ்காரர் எந்த வாட்டில் இருக்கிறார், என்ன காயம்? ஐந்து கேள்வி. ஒன்றையாவது கேட்டு, பதில் கிடைக்கவில்லை என்றாவது எழுதினீர்களா?

முதல் அறிக்கை எவ்வளவு தூரம் பிழைக்கும் என்று நமக்குப் படிப்பிக்க வெளியூர் தேவையில்லை. 2018 நவம்பர் 30. வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. காவலரணில் நின்ற இரண்டு பொலிஸாரைக் கொன்றுவிட்டு அவர்களின் துவக்குகளையும் கொண்டுபோனார்கள். ஒரு சில நாளில் ஒரு முன்னாள் போராளியைப் பிடித்தார்கள். செய்தி எழுதியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். புலிகள் திரும்பி வருகிறார்கள் என்று தென்னிலங்கை எழுதியது. நம் பக்கத்திலும் சிலர் அந்த மனிசனின் படத்தைப் போட்டு எழுதினார்கள். நானும் அதை நம்பி வாசித்தவன்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து, உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த பிறகுதான், அந்தக் குண்டுகளை வெடிக்கவைத்த சஹ்ரானின் கூட்டம் செய்த வேலை அது என்று வெளியே வந்தது. அந்த மனிசனை விட்டார்கள். அவரைப் பிடித்தது முன்பக்கத்தில் வந்தது. விட்டது எந்தப் பக்கத்தில் வந்தது?

அதற்கும் இரண்டு வருடம் முன், 2016 ஒக்டோபரில், யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர். முதலில் வந்த செய்தி வீதி விபத்து. பிரேத பரிசோதனை மேசையில்தான் வெடிக்காயம் வெளியே வந்தது. பிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள்.

பொலிஸ்காரர் பக்கத்தையும் நான் சொல்லத்தான் வேண்டும். வவுணதீவில் செத்த இரண்டு பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள். அதில் ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். நாம் அந்த ஐந்து மாதமும் கொன்றவன் யார் என்பதில் நின்றோம், செத்தவர்களை மறந்தோம். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றதை நம்மில் எத்தனை பேர் தமிழில் எழுதியிருக்கிறோம்? 2021 டிசெம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள் இரவு, திருக்கோவில் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே ஒரு சார்ஜன்ட் தன் கூட்டாளிகளைச் சுட்டார். நாலு பேர் செத்தார்கள். லீவு கிடைக்காத ஆத்திரம் என்று அப்போது சொன்னார்கள். குடும்பத்தை விட்டுத் தூரத்தில், பாஷை தெரியாத ஊரில், லீவில்லாமல், தோளில் ரி-56ஓடு நிற்கிற ஒரு மனிசனின் மனம் எப்படி இருக்கும் என்று யாராவது தொடர்ந்து எழுதினீர்களா? திருக்கோவிலுக்குள் நடந்தது நடுரோட்டிலும் நடக்கலாம். அந்தத் துவக்கு யாரிடம் இருக்கிறது, அவர் கடைசியாக எப்போது குறிபார்க்கும் பயிற்சிக்குப் போனார், எத்தனை மணிநேரம் தொடர்ந்து கடமையில் நிற்கிறார் என்பதெல்லாம் பொதுமக்கள் விசயம். 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். மறுத்தால், மறுத்தார்கள் என்பதும் ஒரு செய்தி.

நகரத்துக்குள் நடந்ததையும் சொல்லாமல் விடமுடியாது. 2021 ஜூன் 21, மட்டக்களப்பில், அன்றைய இராஜாங்க அமைச்சர் ஒருவரின் வீட்டு வாசலில், அவருடைய மெய்ப்பாதுகாவலரான பொலிஸ்காரர் ஒரு டிப்பர் சாரதியைச் சுட்டுக் கொன்றார். அவரைக் கைதுசெய்தார்கள். அன்றிரவு எனக்கு வந்த செய்திகளில் முக்கால்வாசி, “துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் ஒன்று இடம்பெற்றுள்ளது” என்றுதான் தொடங்கின. அமைச்சரின் பெயர் முதல் வரியில், செத்தவரின் பெயர் மூன்றாம் வரியில், சுட்டவர் எங்கேயோ கடைசியில். “இடம்பெறுவது” என்னென்ன? கலைவிழா இடம்பெறும், கூட்டுறவுச் சங்கப் பொதுக்கூட்டம் இடம்பெறும். கொலையும் இடம்பெறுமா, தம்பி?

சுட்ட நாளோடு உங்கள் செய்தி முடிந்துவிடுகிறது. வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. சாதாரணத் திடீர் மரணம் என்றால் ஊர் மரண விசாரணை அதிகாரி பார்ப்பார். பொலிஸ் காவலில் ஒருவர் செத்தால் சட்டப்படி உடனே நீதவானுக்கு அறிவிக்கவேண்டும். அவர் உடலைப் பார்த்து விசாரிக்கவேண்டும். அந்த நாளில் நீதிமன்றத்துக்கு வாருங்கள். வெடி கிட்ட நின்று வைத்ததா, தூர நின்று வைத்ததா என்று காயம் சொல்லும். கிட்ட என்றால் தோலிலும் உடுப்பிலும் கரி படிந்திருக்கும், வெடிமருந்துத் துணிக்கைகள் பொட்டுப் பொட்டாகக் குத்தியிருக்கும். ரவை எந்தப் பக்கத்தால் உள்ளே போனது, எந்தப் பக்கத்தால் வெளியே வந்தது, மேலிருந்து கீழாகவா என்று சட்ட வைத்திய அதிகாரி எழுதுவார். “பாய்ந்து தாக்க வந்தார்” என்று அறிக்கை சொல்லி, காயம் முதுகில் இருந்தால் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் போதும். நீங்கள் ஒரு கருத்தும் சொல்லத் தேவையில்லை. துவக்கு வெளியே போகும்போது எத்தனை ரவை என்று பதிவு இருக்கும், திரும்பி வந்தபோது எத்தனை என்று கேளுங்கள். வெற்றுக் கோதுகள் எங்கே கிடந்தன என்று கேளுங்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 2021 ஜூனில் இருதயபுரத்துப் பொடியன் ஒருவன் காவலில் செத்தான். ஐஸ் என்கிற போதைப்பொருள் பக்கெற்றை விழுங்கினான் என்றது பொலிஸ், அடித்தார்கள் என்றது குடும்பம். வெடி வைத்த விசயம் இல்லைதான், ஆனால் கேள்வி ஒன்றுதான். குடும்பமும் சட்டத்தரணிகளும் விடாமல் நின்றதால், புதைத்த உடலை நீதவான் கட்டளையில் தோண்டியெடுத்துப் பேராதனைக்கு அனுப்பி இரண்டாம் தரம் பரிசோதிக்க வேண்டி வந்தது. முதல் அறிக்கையோடு நின்றிருந்தால் அது மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குகிற பிழைப்பு. பொலிஸ் ஊடகக் குழுவில் இருந்து வட்ஸ்அப்பில் அறிக்கை வந்து அஞ்சு நிமிடத்தில் போடாவிட்டால் மற்றவன் போட்டுவிடுவான். நாளைக்கு விபத்துச் செய்திக்கு அதே நிலையப் பொறுப்பதிகாரியிடம்தான் போய் நிற்கவேண்டும். பயமும் உண்டு. 2004 மே 31ஆம் திகதி செய்தியாளர் ஐயாத்துரை நடேசனை இதே மட்டக்களப்பு நகரத்தில் சுட்டுப்போட்டார்கள். அந்த ஊரில் இருந்து எழுதுகிறவர்களிடம் வீரம் காட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு சாய்கதிரையில் இருந்து சொல்வது லேசு.

அதனால் வீரம் கேட்கவில்லை, இலக்கணம் கேட்கிறேன். “பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார்” என்று எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதைப் பொலிஸாரே மறுக்கவில்லை. “அவர் தாக்க வந்ததாகப் பொலிஸார் கூறுகின்றனர்” என்று அந்தப் பகுதியை மட்டும் அவர்கள் வாயில் வையுங்கள். “பாதாள உலகத்தவர்”, “போதை வியாபாரி” என்று தீர்ப்பெழுதாமல் சந்தேகநபர் என்றே கடைசிவரை எழுதுங்கள். இதில் பொய்யும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

சுட்டது நல்லது, ஐஸ் விற்றவன்தானே என்று சந்தோஷப்படுகிற நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கு நான் ஏசமாட்டேன். பிள்ளையை ஐஸுக்குப் பறிகொடுத்த ஒரு தாய் என் ஒழுங்கையிலேயே இருக்கிறா. அவவிடம் போய் 13(4) பேசமுடியாது, நான் பேசியும் பார்த்தேன். “உங்கட சட்டம் என்ர மகனத் தருமா முதலியார்?” என்று கேட்டா. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அவவுக்கும் செய்தி எழுதுகிறவர்கள் நீங்கள்தான். 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் விசேட அதிரடிப்படை கொன்றவர்களில் அங்கே கூலிக்கு நின்ற பொடியன்மார் இருந்தார்கள். செத்தவனைப் பயங்கரவாதி என்று எழுதினால் வேறு கேள்வி வராத காலம் அது. அந்தச் சொல் இருந்த இடத்தில் இப்போது வேறு சொல் வந்திருக்கிறது. படுவான்கரையில் அந்தக் காலத்தைக் கண்ட கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

ஒரு சின்ன உதவி என்னால் செய்யமுடியும். பொலிஸ் அறிக்கை சிங்களத்தில் வந்தால், இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எழுவாயைத் தொலைக்காமல், எனக்கு அனுப்புங்கள். இரவு எத்தனை மணி என்றாலும் பரவாயில்லை, எனக்கு நித்திரை குறைவு. சொல்லுக்குச் சொல் தமிழில் தருகிறேன். யார் என்ற இடம் அதில் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விட்டு, பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்புவேன். அந்தக் கோட்டில் எழுதவேண்டிய பெயரைத் தேடுவது உங்கள் வேலை. கூலி வேண்டாம். களுவாஞ்சிகுடிப் பக்கம் வந்தால் ஒரு பிளேன்ரி வாங்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.